பண்டிகையும் ஆராதனையும்
கிறிஸ்தவர்களின் திருநாட்களில் வழிபாட்டுக்குரிய இடம்

கிறிஸ்துமஸ் அன்று காலையில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ நண்பர் ஒரு தட்டு நிறைய முறுக்கும் கேக்கும் கொடுத்தனுப்புகிறார். நோன்புப் பெருநாளன்று நாமும் அவர் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புகிறோம். அவர் வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திர விளக்கையும் பிள்ளைகளின் புத்தாடையையும் பார்க்கிறோம். இதுதான் அவர்களுடைய பண்டிகை என்று எண்ணிக்கொள்கிறோம். அந்தத் தட்டு நம் வீட்டுக்கு வருமுன்பே, விடியாத இருட்டில், மார்கழிப் பனியில், பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போய்வந்தார் என்று நாம் கேட்பதில்லை. நம் பெருநாளைப் பற்றி அவர் பிரியாணியை மட்டுமே அறிந்திருந்தால் நமக்கு எப்படியிருக்கும்?

ஒரு சமுதாயத்தாரின் திருநாளைத் தெரிந்துகொள்ள, அன்று அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று பார்த்தால் போதாது. அன்று அவர்கள் எப்படி வணங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கிறிஸ்தவர்களின் திருநாட்களில் ஆராதனைக்கு என்ன இடம், அந்த இடம் எப்போதெல்லாம் ஆட்டம் கண்டது, யாரால் ஆட்டம் கண்டது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம். ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் கொண்டுள்ள நம்பிக்கைக்கும் நம்முடைய ஈமானுக்கும் உள்ள வேற்றுமையை வாசகர்கள் நன்கு அறிவார்கள். அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை.

பெயரிலேயே இருக்கிறது

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் கச்சேரி குமாஸ்தாக்கள் வரை எல்லோரும் ‘ஹாலிடே’ என்று சொல்கிறோம். அதன் பழைய பொருள் விடுமுறை என்பதல்ல. ‘ஹோலி’, ‘டே’ என்னும் இரு சொற்கள் சேர்ந்து, புனித நாள் என்ற பொருளில் வழங்கி வந்தது அது. புனித நாளில் வேலையை நிறுத்தி ஆலயத்துக்குப் போனார்கள். நாளடைவில் ஆலயம் போவது சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது, வேலையை நிறுத்துவது மட்டும் நின்றுவிட்டது. ‘கிறிஸ்துமஸ்’ என்ற சொல்லும் அப்படியே. அதன் பின்பாதியான ‘மஸ்’ என்பது ‘மாஸ்’ என்னும் திருப்பலி ஆராதனையைக் குறிக்கும். ‘கிறிஸ்துவின் திருப்பலி’ என்பதே அந்நாளின் பெயர். ஆக, ஆராதனையை நீக்கிவிட்டால் அந்தப் பெயருக்கே பொருளில்லை.

கத்தோலிக்கர்களிடம் இந்த நாளுக்கு மூன்று திருப்பலிகள் உண்டு: நள்ளிரவில் ஒன்று, விடியற்காலையில் ஒன்று, பகலில் ஒன்று. நம் நாட்டுப் பிராட்டஸ்டண்டு சபைகளில் விடியற்காலை ஆராதனை பிரசித்தம். கீழ்த்திசைச் சபைகளில் இந்நாளுக்கு முன்னால் நோன்புக் காலமே உண்டு. எகிப்து நாட்டுக் காப்டிக் கிறிஸ்தவர்கள் 43 நாட்கள் இறைச்சியும் பாலும் நெய்யும் முட்டையும் தவிர்த்து நோன்பிருந்து, ஜனவரி 6-ம் தேதி இரவு நெடுநேர ஆராதனையில் நின்று, அது முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போய் இறைச்சி உண்கிறார்கள். பழைய ஜூலியன் பஞ்சாங்கத்தின்படி டிசம்பர் 25 அவர்களுக்கு ஜனவரி 7-ல் வருகிறது. எகிப்து அரசாங்கம் 2002-ல் அந்த ஜனவரி 7-ஐ நாடு முழுவதற்கும் விடுமுறையாக அறிவித்தது. நோன்பு, பிறகு இரவு வணக்கம், பிறகு விருந்து: இந்த வரிசை நமக்குப் புதியதன்று.

கத்தோலிக்கத் திருச்சபை 1983-ல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் ‘கடன் திருநாட்கள்’ பற்றி ஒரு விதி வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அத்திருநாட்களிலும் விசுவாசிகள் திருப்பலியில் பங்குகொள்ளக் கடமைப்பட்டவர்கள். இறைவனை வழிபடுவதற்கும், அந்நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும், உடலும் உள்ளமும் ஓய்வு பெறுவதற்கும் இடையூறான அலுவல்களை அன்று விட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. முதலில் வணக்கம், அந்த வணக்கத்துக்கு இடம் உண்டாக்கவே விடுமுறை. விடுமுறை கிடைத்துவிட்டதே, ஆலயத்துக்கும் போய்வருவோம் என்பதல்ல.

இவ்விடத்தில் ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்லிவைக்கிறோம். கிறிஸ்தவர்களின் நாள் எல்லாம் கொண்டாட்ட நாளல்ல. பெரிய வெள்ளிக்கிழமை அரசாங்க விடுமுறைப் பட்டியலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நம்மவர்கள் சிலர் அன்று கிறிஸ்தவ நண்பர்களுக்கு ‘வாழ்த்து’ சொல்லிவிடுகிறார்கள். அது அவர்களுக்குத் துக்க நாள். பலரும் நோன்பிருப்பார்கள், அன்று கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி கூட நடைபெறுவதில்லை, வேதவாசகமும் சிலுவை வணக்கமும் நடக்கும். சிலுவைச் சம்பவத்தில் நம் கொள்கை வேறு. அதற்காக ஒருவர் துக்கமாக இருக்கும் நாளில் அவரிடம் போய் வாழ்த்துச் சொல்வது மரியாதையாகாது.

இனி, வணக்கத்துக்கும் விடுமுறைக்கும் இடையே தகராறு மூண்ட காலத்துக்கு வருவோம்.

தெருவில் பந்து விளையாடியவர்கள்

1620-ல் இங்கிலாந்திலிருந்து ‘மேஃபிளவர்’ என்னும் கப்பலில் அமெரிக்காவுக்குப் போய், பிளிமத் என்ற இடத்தில் குடியேறினார்கள் ஒரு கூட்டத்தார். மார்க்க விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள். வேதத்தில் கட்டளை இல்லாத எந்த நாளையும் புனித நாளாகக் கொள்ளக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அவர்களுக்குப் புனிதம். ஈஸா (அலை) பிறந்த தேதி இன்னதென்று இஞ்சீலில் எங்கும் சொல்லப்படவில்லை, அதைக் கொண்டாடச் சொல்லி ஒரு வசனமும் இல்லை. ரோமாபுரியில் நான்காம் நூற்றாண்டில்தான் டிசம்பர் 25 பட்டியலில் ஏறியது. அப்படியிருக்க இது மனிதர்கள் புகுத்தியது என்றார்கள். நம் வழக்கில் சொன்னால், கிறிஸ்துமஸ் ஒரு பித்அத் என்பதே அவர்கள் வாதம். போய்ச் சேர்ந்த அந்த முதல் வருடம் டிசம்பர் 25 அன்று, அது ஒரு சாதாரண நாள் என்பதைக் காட்டுவதுபோல, ஊருக்குப் பொதுவான முதல் கட்டடத்தை எழுப்பும் வேலையைத் தொடங்கினார்கள்.

மறு வருடம், 1621 நவம்பரில், ‘ஃபார்ச்சூன்’ என்ற கப்பலில் 35 பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். டிசம்பர் 25 வந்தது. ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு வழக்கம்போல் எல்லோரையும் வேலைக்கு அழைத்தார். புதியவர்களில் பெரும்பாலோர், “இந்த நாளில் வேலை செய்ய எங்கள் மனச்சாட்சி இடம் தரவில்லை” என்றார்கள். மனச்சாட்சி என்று சொன்ன பிறகு அவர் வற்புறுத்தவில்லை. தெளிவு வரும்வரை விட்டுவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களை அழைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நடுப்பகலில் திரும்பி வந்து பார்த்தால், மனச்சாட்சிக்காரர்கள் நடுத்தெருவில் விளையாடிக் கொண்டிருக்கிறார்கள்! சிலர் கனத்த கம்பத்தைத் தூக்கி எறிகிறார்கள், சிலர் பந்தாடுகிறார்கள். பிராட்ஃபோர்டு போய் விளையாட்டுச் சாமான்களைப் பறித்துக்கொண்டார். “மற்றவர்கள் வேலை செய்யும்போது நீங்கள் விளையாடுவதற்கு என் மனச்சாட்சி இடம் தரவில்லை” என்றார். வணக்கத்துக்காக இந்த நாளை அனுசரிக்கிறீர்களானால் வீட்டுக்குள் இருந்து வணங்குங்கள், தெருவில் கூத்தடிக்க வேண்டாம் என்றும் சொன்னார். இவ்வளவையும் அவரே தம் குடியேற்ற வரலாற்றில், சற்று நகைச்சுவையோடு, எழுதி வைத்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும் எவரும் பிராட்ஃபோர்டின் பக்கமே சாய்வார்கள். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்தப் புதியவர்கள் வணங்க விரும்பியிருந்தாலும் எங்கே போய் வணங்கியிருக்க முடியும்? அந்த ஊரில் அன்றைக்கு ஆராதனை நடத்த யாரும் இல்லை, நடத்தவும் விடமாட்டார்கள். ஆராதனையை எடுத்துவிட்ட பிறகு அந்த நாளில் அவர்களுக்கு மிச்சமிருந்தது பந்து ஒன்றுதான். இங்கே சிறிய அளவில் நடந்தது, இருபத்து மூன்று வருடங்கள் கழித்து இங்கிலாந்து தேசம் முழுவதிலும் நடந்தது.

பாராளுமன்றம் மூடிய ஆலயங்கள்

1640-களில் இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பாராளுமன்றத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தவர்கள் பியூரிடன்கள், அதாவது தூய்மைவாதிகள். ஒவ்வொரு மாதமும் கடைசிப் புதன்கிழமையை நோன்பு நாளாக அவர்கள் விதித்திருந்தார்கள். 1644-ம் வருடம் டிசம்பர் 25 அந்தக் கடைசிப் புதனாகவே வந்து வாய்த்தது. பண்டிகையா, நோன்பா? நோன்புதான் என்று உத்தரவு பிறந்தது. முன்னோர்கள் இந்த நாளில் செய்த கேளிக்கைகளை நினைத்து வருந்தி, முன்னிலும் அதிகப் பணிவோடு நோன்பிருக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

அடுத்த மாதமே, 1645 ஜனவரியில், பழைய பிரார்த்தனைப் புத்தகத்தை நீக்கிவிட்டுப் புதிய ஆராதனை முறைமை ஒன்றைச் சட்டமாக்கினார்கள். வேதத்தில் ஆதாரமில்லாத திருநாட்கள் இனி தொடரலாகாது என்று அதில் எழுதினார்கள். 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய திருநாட்கள் பெயர் சொல்லியே ரத்து செய்யப்பட்டன. (கிறிஸ்துமஸைத் தடுத்தவர் ஆலிவர் கிராம்வெல் என்று பலரும் சொல்வார்கள், எழுதுவார்கள். கிராம்வெல் நாட்டின் காவலராகப் பதவியேற்றது 1653-ல்தான். தடை பாராளுமன்றத்தின் வேலை; கிராம்வெல் ஆட்சியில் அது தொடர்ந்தது.)

1647-ம் வருடத்துச் சட்டத்தில் நம் கவனத்துக்குரிய ஒரு பகுதி உண்டு. திருநாட்கள் போய்விட்டால் வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் ஓய்வு கிடையாமல் போகுமே என்ற கேள்வி எழுந்தது. அதற்காக, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் விடுமுறை என்று விதித்தார்கள். வாசகர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வணக்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, வெறும் ஓய்வுக்கென்றே ஒரு நாளைச் சட்டம் போட்டு ஏற்படுத்தியவர்கள் நாத்திகர்கள் அல்லர். வணக்கத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று துடித்தவர்களே அதைச் செய்தார்கள். புனித நாள் வேறு, விடுமுறை நாள் வேறு என்று பிரித்த கத்தி அவர்கள் கையில்தான் இருந்தது.

பலன் என்ன? அந்த வருடம் டிசம்பர் 25 அன்று கான்டர்பரி நகரில், கடைகளைத் திறக்க வேண்டும், சந்தை கூட வேண்டும் என்று மேயர் கட்டளையிட்டார். திறந்த சில கடைக்காரர்களின் சரக்கு தெருவில் வீசப்பட்டது. பச்சிலைத் தோரணங்களை வீட்டு வாசலில் கட்டினார்கள். மேயரே அடிபட்டார். அந்தக் கலகத்தில் பிடிபட்டவர்களை விசாரித்ததிலிருந்து மூண்ட கோபம் அடுத்த வருடம் கென்ட் மாவட்டம் முழுவதும் கிளர்ச்சியாக வெடித்தது. 1656-ம் வருடம் டிசம்பர் 25 அன்று பாராளுமன்றம் வழக்கம்போல் கூடியது. அங்கத்தினர்கள் பலர் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், அண்டை வீடுகளில் நடந்த பண்டிகை ஏற்பாட்டுச் சத்தத்தால் இரவெல்லாம் தூங்க முடியவில்லை என்று முறையிட்டார். தடை போட்டுப் பன்னிரண்டு வருடங்கள் ஆன பிறகும், பாராளுமன்றத்தின் பக்கத்துத் தெருவிலேயே பலகாரம் வேகிறது, கடைகள் அடைத்துக் கிடக்கின்றன!

ஆனால் ஆலயங்கள்? அவற்றை மூடுவது எளிதாக இருந்தது. அடுப்பை யாராலும் மூட முடியவில்லை. ஆலயத்துக்கு ஒரு பூட்டும், பாதிரியாருக்கு ஓர் உத்தரவும் போதுமானதாயிருந்தன. ஜான் எவ்லின் என்பவர் அக்காலத்தில் நாட்குறிப்பு எழுதி வந்த ஒரு கனவான். 1652-ம் வருடம் கிறிஸ்துமஸ் அன்று எந்த ஆலயத்தையும் திறக்க அனுமதியில்லாததால் எங்கும் பிரசங்கம் இல்லை, வீட்டிலேயே அந்நாளை அனுசரித்தேன் என்று குறித்திருக்கிறார். பண்டிகையை ஒழிக்கப் போட்ட சட்டம், பண்டிகையில் இருந்த உண்பதையும் குடிப்பதையும் ஒழிக்கவில்லை. வணக்கத்தையே ஒழித்தது. தூய்மைவாதிகள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி என்றே நாம் கருதுகிறோம். வேதத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியைப் பிரசங்க மேடையிலிருந்து கேட்பதை விட்டுவிட்டுப் பட்டாளத்தை அனுப்பிக் கேட்டதுதான் பிசகு.

பட்டாளம் என்பது மிகைச் சொல்லல்ல. அதே எவ்லின் 1657-ம் வருடம் டிசம்பர் 25 அன்று தம் மனைவியோடு லண்டனில் ஸ்ட்ராண்டு வீதியிலிருந்த எக்ஸ்டர் சிற்றாலயத்துக்குப் போனார். பீட்டர் கன்னிங் என்ற பாதிரியார் பிரசங்கம் முடித்து, அப்பமும் திராட்சை ரசமும் வழங்கும் திருவிருந்தைத் தொடங்கியிருந்தார். அப்போது சிப்பாய்கள் வந்து ஆலயத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். கூடியிருந்த எல்லோரும் கைதிகள் என்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் திருவிருந்து நிற்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து பீடத்தருகே போனபோது, சிப்பாய்கள் சுட்டுவிடுவதுபோலத் துப்பாக்கியை நீட்டிப் பிடித்திருந்தார்கள். முறைப்படி முடியும்வரை சிப்பாய்கள் விட்டுவைத்தார்கள் என்று எவ்லின் எழுதுகிறார். பிற்பகலில் படைத்தளபதிகள் வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். தடைசெய்யப்பட்ட நாளில் தடைசெய்யப்பட்ட புத்தகத்தைக் கொண்டு வணங்க வந்தது ஏன் என்று எவ்லினைக் கேட்டார்கள். அவர் தமக்குத் தோன்றிய பதிலைச் சொன்னார். மிரட்டி, அனுதாபத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று லண்டனில் எத்தனையோ வீடுகளில் விருந்து நடந்திருக்கும். அந்த வீடுகளுக்குச் சிப்பாய் வரவில்லை. பண்டிகையில் எது விலை கொடுக்க வேண்டிய பாகம் என்பது அந்தச் சிற்றாலயத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1660-ல் மன்னராட்சி திரும்பியது. பாராளுமன்றம் மன்னரின் ஒப்புதலின்றிப் போட்ட சட்டங்கள் எல்லாம் செல்லாதவையாகி, ஆலயங்கள் திறந்தன.

கடல் கடந்தும் வழக்கு தீரவில்லை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் இதே தடை 1659-ல் சட்டமாயிற்று. வேலையை நிறுத்தியோ விருந்துண்டோ வேறு எவ்வகையிலோ கிறிஸ்துமஸை அனுசரிப்பவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-ல் அதை ரத்து செய்தார்கள். சட்டம் போயிற்றே தவிர மனம் மாறவில்லை. 1686-ல் பாஸ்டன் நகரில் புதிய ஆளுநர் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனபோது, அவருக்கு அருகே செஞ்சட்டைச் சிப்பாய் நடந்து போனதை அவ்வூர்ப் பிரமுகர் சாமுவேல் சூவல் குறித்து வைத்தார். லண்டனில் வணங்கியவர்களைப் பிடிக்கச் சிப்பாய் வந்தான். முப்பது வருடத்துக்குள் பாஸ்டனில் வணங்கப் போகிறவருக்குக் காவலாகச் சிப்பாய் வந்தான். ஸ்காத்லாந்தில் இன்னும் கண்டிப்பு. அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958-ல்தான்.

மாசசூசெட்ஸில் 1856-ல் அது சட்டப்படி விடுமுறையாயிற்று. 1870-ல் அமெரிக்க மத்திய அரசாங்கமும் விடுமுறையாக்கியது. ஆனால் அந்த விடுமுறையில் வழிபாட்டுக்கு என்ன இடம்? அமெரிக்க அரசியல் சட்டம் அரசாங்கம் எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை அந்த விதிக்கு மாறானது என்று ஒஹையோ மாநிலத்தில் ஒருவர் வழக்குப் போட்டார். 1999-ல் மத்திய நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. விடுமுறைக்கு மதம் சாராத நோக்கமும் உண்டு, அந்நாளில் எப்படியும் பலர் வேலைக்கு வரப்போவதில்லை என்பது போன்ற காரணங்கள் அதற்குக் கைகொடுத்தன. அதாவது விடுமுறை நிலைக்க வேண்டுமானால், அது வணக்கத்துக்காக அல்ல என்று காட்டியாக வேண்டும். 1984-ல் பாட்டக்கெட் நகரத்தார் அமைத்த பிறப்புக் குடிலை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடும் மான்களும் மரமும் சேர்ந்த அலங்காரத்தில் அதுவும் ஒன்றாக இருந்தது. 1989-ல் பிட்ஸ்பர்க் நகர நீதிமன்றக் கட்டடத்தின் மாடிப்படியில் தனியாக வைக்கப்பட்டிருந்த குடிலை அதே நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. சட்டத்தின் நோக்கில் இது சரியாகவே இருக்கலாம். கிறிஸ்தவ நம்பிக்கையாளர் ஒருவரின் நோக்கில் பார்த்தால், தாத்தாவும் மானும் துணைக்கு வந்தால்தான் மர்யம் (அலை) அவர்களின் குழந்தைக்கு இடம் என்று ஆகிறது.

ஞாயிறும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்தபோது

2005-ம் வருடம் டிசம்பர் 25 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. வாராந்தர வணக்க நாளும் வருடாந்தரத் திருநாளும் ஒன்றாகிவிட்டன. ஆலயங்கள் நிரம்பி வழியும் என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடும் பெரிய பிராட்டஸ்டண்டு சபைகள் பல அன்று ஆலயத்தைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தன. சிகாகோ நகருக்கு அருகிலுள்ள வில்லோ கிரீக் சபை அவற்றில் பெயர் பெற்றது. முந்திய நாட்களிலேயே கிறிஸ்துமஸ் ஆராதனைகளை நடத்திவிட்டோம், பண்டிகையன்று காலையில் வருவோர் குறைவு, ஆலயத்தில் தொண்டு செய்கிறவர்களும் குடும்பத்தோடு இருக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன சமாதானம். வீட்டிலேயே பார்ப்பதற்கு ஒரு குறும்படத்தை ‘டிவிடி’ தட்டில் பதித்துக் கொடுத்தார்கள். கிறிஸ்தவ அறிஞர்கள் பலர் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். கத்தோலிக்கரும் கீழ்த்திசைச் சபையாரும் இப்படியொன்றை நினைத்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

தூய்மைவாதிகள் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பதற்காகக் கிறிஸ்துமஸை மூடினார்கள். அவர்களுடைய வழியில் வந்த தேசத்தில், கிறிஸ்துமஸுக்காக ஞாயிற்றுக்கிழமையை மூடினார்கள். இரண்டு தடவையும் மூடிய கதவு ஆலயத்தின் கதவுதான். இரண்டாவது தடவை துப்பாக்கியும் தேவைப்படவில்லை.

குடும்பத்தோடு இருக்கட்டும் என்ற சமாதானத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அதில் இரக்கம் இருக்கிறது. இரண்டு வணக்கங்கள் ஒரே நாளில் சேரும்போது சலுகை உண்டா என்பது நமக்கும் அந்நியமான கேள்வியல்ல. பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் என்ன செய்வது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அப்படி வந்தபோது, பெருநாள் தொழுகைக்கு வந்தவர்களில் விரும்பியவர்களுக்கு அதுவே போதும் என்று சலுகை கொடுத்து, நாங்கள் ஜும்ஆவை நடத்துவோம் என்றும் சொன்னதாக அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவைச் சுற்றியிருந்த மேட்டு நிலக் கிராமத்தாருக்கு, காத்திருப்பவர் காத்திருக்கலாம், திரும்பிப் போகிறவர் போகலாம் என்று அனுமதித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அந்தச் சலுகை வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். ஹனஃபி மத்ஹபில் ஜும்ஆவின் கடமை அப்படியே நிற்கும். ஹன்பலி மத்ஹபில் சலுகை விரிவானது. இந்தக் கருத்து வேற்றுமைகளுக்குள் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை: வருகிறவருக்குச் சலுகை உண்டோ இல்லையோ, இமாம் வந்து நிற்க வேண்டும், பள்ளி திறந்திருக்க வேண்டும். வர முடியாதவருக்கு இரக்கம் காட்டுவது வேறு. வர விரும்புகிறவர் வந்து பூட்டிய கதவைப் பார்ப்பது வேறு. 2005-ல் அந்தச் சபைகளைக் கண்டித்த கிறிஸ்தவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். குடும்பம் இல்லாத கிழவர், புதிதாக ஊருக்கு வந்தவர், விதவைப் பெண் இவர்களுக்கு அன்று போக்கிடம் எது என்று கேட்டார்கள்.

விருந்து நின்றபோது

இதுவரை ஆராதனை நீங்கி விருந்து மிஞ்சிய கதையைச் சொன்னோம். இதற்கு நேர்மாறாக, விருந்து நீங்கி ஆராதனை மிஞ்சியதையும் அண்மையில் பார்த்தோம். அதுவும் ஈஸா (அலை) பிறந்த ஊராகிய பெத்லஹேமிலேயே.

பெத்லஹேமின் பிறப்பு ஆலயத்தைக் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், அர்மீனிய, லத்தீன் என மூன்று சபையார் பகிர்ந்து வைத்திருக்கிறார்கள். எதிரே, அதே சதுக்கத்தின் மறுபுறம், உமர் (ரலி) அவர்கள் பெயரால் மஸ்ஜித் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் சதுக்கத்தில் பெரிய மரம் நட்டு விளக்கேற்றுவார்கள். சாரணர் படைகள் மேளமும் குழலும் முழங்க ஊர்வலம் வரும். பல நாடுகளிலிருந்து யாத்திரிகர்கள் வருவார்கள். அந்த ஊர் மக்களின் பிழைப்பே அதில்தான்.

2023 அக்டோபரில் காஸாவில் போர் மூண்டது. நவம்பரில் எருசலேம் சபைகளின் தலைவர்கள் கூடி, இந்த வருடம் தேவையற்ற கொண்டாட்டங்களை விட்டுவிட்டு வழிபாட்டின் பொருளில் மனம் செலுத்துங்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். மரம் நடப்படவில்லை. விளக்குத் தோரணம் இல்லை. விடுதிகள் காலியாகக் கிடந்தன. சாரணர்கள் மேளத்தை அடிக்காமல் மௌனமாக நடந்தார்கள். அவ்வூர் லுத்தரன் ஆலயத்தில் வழக்கமான குடிலுக்குப் பதிலாக, உடைந்த கற்களைக் குவித்து, இடிபாட்டுக்குள் குழந்தை கிடப்பதுபோல வைத்தார்கள். டிசம்பர் 24 நள்ளிரவில் பிறப்பு ஆலயத்தை ஒட்டிய புனித கத்தரீனாள் ஆலயத்தில் திருப்பலி மட்டும் எப்போதும்போல் நடந்தது. 2024-லும் இப்படியே நடந்தது.

விருந்து இல்லாவிட்டால் அது பண்டிகையா என்று அவ்வூர்க் குழந்தைகள் கேட்டிருக்கலாம். வியாபாரிகளுக்கு அது பெருத்த நஷ்டம் என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் அன்று அங்கே கிறிஸ்துமஸ் நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 25 லத்தீன் சபையாருக்கு. ஜனவரி 7 கிரேக்கருக்கும், காப்டிக், சிரிய சபையாருக்கும். ஜனவரி 18 இரவு அர்மீனியருக்கு. அவர்கள் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் ஒரே நாளில் அனுசரிக்கிறார்கள், அதையும் அவ்வூரில் பழைய பஞ்சாங்கத்தின்படி கணக்கிடுகிறார்கள். 2024 ஜனவரியில் அவரவர் முறை வந்தபோது அவரவர் பீடத்தில் விளக்கேற்றி ஆராதனை நடத்தினார்கள். வெளியே சதுக்கத்தில் மரம் இருந்த இடம் வெறுமையாகவே இருந்தது.